ஹேண்டிகேமுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன்

மந்தைவெளி,
சென்னை.

அன்பு மகள் சாருலதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி ஷ்ரவணும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் எங்கள் பேரப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள், பக்கத்தில் நின்று நானும் வேண்டிக்கொள்கிறேன். பார்சலில் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, உனக்குத் தளர்வாக இரண்டு பருத்தி நைட்டி, பஞ்சில் சுற்றிய ஒரு சின்ன டப்பா எல்லாம் இருக்கும். டப்பாவில் இருப்பது மெமரி கார்டு, ஜாக்கிரதையாகப் பிரி. அதைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிடு, காரணம் இருக்கிறது.

குழந்தை பிறந்ததும் படம் எடுக்க வீடியோ கேமரா வாங்கப்போவதாகச் சொல்லி, எதை வாங்குவது என்று ஷ்ரவணிடம் கேட்டாயாம். என்னைக் கேட்டிருக்க வேண்டும் நீ. நம் வீட்டு ஹேண்டிகேமைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ஷ்ரவணுக்கு நிச்சயதார்த்தம் என்று முடிவானதும், நீ இந்த நிலைமையில் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், சாரு எல்லாத்தையும் பாக்கணும், வாடகைக்கு வர்ற வீடியோக்காரன் மேடையைத்தான் எடுப்பான், நம்ம சனத்தை எவன் எடுப்பான் என்று அம்மா ஒரே பிடிவாதம். தி. நகர் உஸ்மான் ரோட்டில் ஒரு கடைக்கு மூன்று பேரும் போனோம். கடையில் இருந்த இனாயத் என்ற பையன் என் கழுத்துத் துணியையும் எழுதிக் காட்டக் கையில் வைத்திருந்த மேஜிக் ஸ்லேட்டையும் பார்த்துவிட்டு, எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, சார், இது ஃபுல் ஹெச்.டி. சார் என்று என் காதருகே வந்து கத்தினான். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்குக் காதெல்லாம் நல்லா கேக்குது, உனுக்குத்தான் நான் சொல்றது கேக்கல, மொதல்ல அந்தப் பெட்டியத் தொற என்றாள். பாவம், அதற்குப் பிறகு அவன் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டான், நல்ல பையன்தான்.

நீ வாங்கும்போது இதைப் பார். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இத்தனை மடங்கு ஜூம் என்று போட்டிருப்பதை நம்பாதே, அது டிஜிட்டல் ஜூம், படத்தை வெறுமனே இழுத்துப் பெரிதாக்கும், முகமெல்லாம் கட்டம் கட்டமாகப் போய்விடும். ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று கேள், அதுதான் லென்ஸ் செய்கிற வேலை. கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் இருக்க ஒரு வசதி உண்டு, அது இருக்கிறதா என்று பார். கடை வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் அழகாகத்தான் காட்டும், நான் அம்மாவை மாடிப்படிக்குக் கீழே இருட்டில் நிற்கவைத்து எடுத்துப் பார்த்தேன், ஒன்றில் அவள் முகமே பொரிபொரியாக வந்தது, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குழந்தை தூங்கும் அறையில் வெளிச்சம் குறைவாகத்தானே இருக்கும், அதனால் சொல்கிறேன். தனி மைக் செருகுவதற்கு ஓட்டை இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கு, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஷ்ரவண் அது எதற்கு என்றான், எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினேன்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், மனசைத் திடமாக வைத்துக்கொண்டு படி. என் குரல்வளையை எடுத்த ஆபரேஷனுக்கு நீ வந்து கூட இருந்துவிட்டுக் கனடா திரும்பிய பிறகு என் கழுத்தில் ஒரு சின்ன வால்வு வைத்தார்கள் அல்லவா. மூச்சு விடுகிற அந்தத் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு காற்றை மேலே தள்ளினால் சத்தம் வரும், பழகினால் பேச்சு வரும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஃபிசா மேடம் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்கைப்பில் வந்தபோது, முதல் பேச்சு உன்னோடுதான் என்று ஆசையாக முன்னால் வந்து உட்கார்ந்து சாரு என்று கூப்பிட்டேன். படம் அப்போது உறைந்து நின்றிருந்தது, நீ என்னைப் பார்க்கவில்லை. அம்மா, லைன்ல ஏதோ கரகரன்னு இரைச்சல் வருது, கட் பண்ணிட்டுத் திரும்பப் போடு என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். உன் பேரில் துளிகூடத் தப்பு இல்லை கண்ணு, யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் 29சி பஸ்ஸில் பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர் வரைக்கும் விசில் இல்லாமலே வண்டியை நிறுத்தின கண்டக்டருடைய குரல் பெற்ற பெண்ணுக்கு இரைச்சலாகக் கேட்கிறது என்றால் இனி இந்தக் குரல் யாருக்கு என்று தோன்றிவிட்டது. அத்தோடு பயிற்சிக்குப் போவதை நிறுத்தினேன். நீ ஸ்கைப்பில் வந்தால் கையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அப்பாவுக்கு என் மேல என்ன கோபம் என்று நீ அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அழுததெல்லாம் எனக்குத் தெரியும். கோபம் எதுவும் இல்லை. வெட்கம்தான்.

கேமரா வந்தது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. படம் எடுக்கிறவன் பேச வேண்டியதில்லை பார். நிச்சயதார்த்தத்தன்று மந்தைவெளி மண்டபத்தில் நுழைந்ததும் கேமராவைக் கண்ணுக்கு முன்னால் தூக்கியவன் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் இறக்கவில்லை. சம்பந்தி வீட்டார் வேளச்சேரியிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள், கல்யாணப் பெண் வைதேகி பச்சைப் பட்டில் வந்தாள், நல்ல சிரித்த முகம், நம் ஷ்ரவண்தான் மருந்து குடித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். தட்டு மாற்றும்போது பெண்ணின் அப்பா எழுந்து என் பக்கம் வந்தார். நான் உடனே மேடையில் இருந்த பூக்களை எடுக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். என் இடத்தில் நின்று அம்மாதான் தட்டை வாங்கினாள். நாதஸ்வரமும் கெட்டிமேளமும் காதைப் பிளந்துகொண்டிருந்தன, அங்கே யார் என்ன பேசினார்கள் என்று நான் காதில் வாங்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது டி.வி.யில் கேபிளைச் செருகி எல்லாவற்றையும் ஓடவிட்டேன். சாரு, நீயும் பார்ப்பாய், எவ்வளவு துல்லியம் என்று. ஹெச்.டி. என்றால் ஒவ்வொரு ஜரிகை இழையும் தெரியும் என்று இனாயத் சொன்னான், இழை தெரிந்தது, அம்மாவின் முகமும் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே எப்போது இவ்வளவு கறுத்தது என்று எனக்குத் தெரியாது, தினமும் அந்த முகத்தைத்தான் பார்க்கிறேன், பார்த்ததில்லை போலிருக்கிறது. யார் என்ன கேட்டாலும் என்னைத் தேடி ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, நான் கேமராவுக்குப் பின்னால் இருப்பதைக் கண்டு, அவளே பதில் சொல்கிறாள். சீர் பற்றிக் கேட்டால் அவள், முகூர்த்தம் பற்றிக் கேட்டால் அவள். அப்புறம் நான் பூக்களை எடுத்த அந்த இடம் வந்தது. படத்தில் பூ மட்டும்தான், ஆனால் மேளம் ஓய்ந்திருந்த ஒரு நிமிஷத்தில் பின்னாலிருந்து பேச்சு விழுந்திருந்தது. பெண்ணின் அப்பா, தப்பா எடுத்துக்காதீங்கம்மா, சம்பந்தி இனிமே பேசவே மாட்டாரா என்று கேட்கிறார். அம்மா சொல்கிறாள், பேசுவாருங்க. டாக்டருங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சிகீறாங்க, அவுருதான் இன்னும் மனசு வெக்கல, கல்யாணத்தன்னிக்கு உங்கள வாங்க வாங்கன்னு கூப்புடப் போறதே அவுருதான், பாத்துக்கினே இருங்க.

ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டேன். எனக்காக என் பெண்டாட்டி ஊரறிய வாக்குக் கொடுத்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தொந்தரவு பண்ணவில்லை. பை நிறையக் கீரையோடு அவள் உள்ளே வந்ததும் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினேன், நாளைக்கு ஃபிசா மேடத்தைப் பார்க்கப் போகலாம் என்று. அவள் அதைப் படித்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். முருங்கைக்கீரை ஆயணும், வந்து ஒக்காருங்க என்றாள்.

அடையாறு ஆஸ்பத்திரியில் ஃபிசா மேடம் என்னைப் பார்த்து, இத்தனை நாளா எங்க சார் போயிட்டீங்க என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்கள். நான் சத்தம் எழுப்பியதும் நிறுத்தச் சொல்லி, சார், உங்களுக்குக் காத்து நல்லா வருது, ஆனா மூச்சு எடுக்கும்போது தோளைத் தூக்குறீங்க, விரலை ரொம்ப அழுத்துறீங்க, நான் சொன்னா உங்களுக்குப் புரியாது, வீட்ல வீடியோ எடுக்க வசதி இருந்தா எடுத்து நீங்களே பாருங்க என்றார்கள். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்க வூட்லயே ஹெச்.டி. கீதுங்க மேடம் என்று பெருமையாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் சின்னத் திரையை முன்பக்கம் திருப்பிவிட்டு, கண்ணாடி பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பயிற்சி செய்தேன். முதல் நாள் எடுத்ததை என்னாலேயே பார்க்க முடியவில்லை, அழித்துவிடலாம் என்று போனேன், அம்மா விடவில்லை. மைக்கிலும் தகராறுதான். ஃபேன் சத்தம்தான் பெரிதாக விழுந்தது, என் குரல் அடியில் எங்கேயோ. தனி மைக் வாங்கி வந்து சட்டைக் காலரில் மாட்டினால் துளையிலிருந்து வருகிற மூச்சு புஸ்ஸென்று அதில் மோதியது. கடைசியில் ஷ்ரவண் மைக்கை ஒரு டம்ளரில் நிறுத்தி மேஜை மேல் வாய்க்கு நேராக வைத்தான், அது சரியாக அமைந்தது. தினமும் கரண்ட் போகிற நேரத்தை எல்லோரும் திட்டிக்கொண்டிருக்க, நாங்கள் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தோம். ஃபேன் ஓடாது, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடாது, தெருவே சத்தமில்லாமல் இருக்கும், கேமரா பேட்டரியில் ஓடும். வியர்க்க வியர்க்க உட்கார்ந்து அ, ஆ சொல்வேன், அப்புறம் பஸ் ஸ்டாப் பெயர்கள், அடையாறு கேட், மந்தைவெளி, லஸ் என்று. எடுத்ததைப் போட்டுப் பார்த்து, தோள் ஏறுகிற இடத்தில் அம்மா என் தோளைத் தொட்டுக் காட்டுவாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது, விரல் லேசாயிற்று, வார்த்தை வார்த்தையாகப் பிரிந்து வந்தது.

போன வாரம் கல்யாணப் புடவை எடுக்க அம்மாவும் நானும் மறுபடி தி. நகர் போனோம். ரங்கநாதன் தெருவில் உனக்குத் தெரியாத கூட்டமா, ஆளை ஆள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அம்மா முன்னால் போய்விட்டாள், நடுவில் மாம்பலம் ரயிலுக்கு ஓடுகிற கும்பல் ஒன்று புகுந்துவிட்டது. அவளுடைய மஞ்சள் புடவை கொஞ்சம் கொஞ்சமாக மறைகிறது. முன்பெல்லாம் கை தட்டுவேன், அந்த இரைச்சலில் கை தட்டினால் யாருக்குக் கேட்கும். விரலை வைத்து மூடிக்கொண்டு ரத்னா என்று கூப்பிட்டேன். பக்கத்தில் போனவர்கள் திரும்பி என் கழுத்தைப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இன்னொரு தரம் கூப்பிட்டேன். மஞ்சள் புடவை நின்றது. கூட்டத்துக்கு எதிராகவே இடித்துக்கொண்டு வந்து, இன்னாத்துக்கு இப்டி கத்துறீங்க, வந்துக்கினுதான கீறேன் என்று அதட்டினாள். அதட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்த பாத்திரக் கடையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், முந்தானையால் முகத்தைத் துடைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அன்றைக்கு எடுத்த புடவை உனக்கு நிச்சயம் பிடிக்கும், அரக்குச் சிவப்பு, படம் கார்டில் இருக்கிறது.

கார்டில் முதலில் நிச்சயதார்த்தம் இருக்கும், அப்புறம் புடவை, கடைசியில் நான். ஆரம்பத்தில் எடுத்ததையும் வைத்திருக்கிறேன், இப்போது எடுத்ததையும் வைத்திருக்கிறேன். முதல்முறை கேட்கும்போது உனக்குத் தூக்கிவாரிப் போடும், பழைய குரல் இல்லை, இனி வரப்போவதும் இல்லை, ஃபிசா மேடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். இதுதான் என் குரல், இன்னும் தெளியும். அதனால்தான் முதலில் கடிதத்தைப் படி என்றேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது போட்டுப் பார். கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால் ஷ்ரவணுக்கு மெயில் போடு, எந்த சாஃப்ட்வேர் என்று சொல்வான்.

கேமரா வாங்கியதும் உடனே குழந்தையைத்தான் எடுக்க வேண்டும் என்று காத்திருக்காதே, இப்போதே எடுத்துப் பழகு. சடசடவென்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பாதே, பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். ஜூமைச் சும்மா சும்மா அமுக்காதே, நாலு அடி நடந்து கிட்டே போ. பேட்டரி இரண்டு வைத்துக்கொள். முக்கியமாக, கேமராவை மாப்பிள்ளை கையிலேயே விட்டுவிடாதே, இரண்டு பேரும் மாற்றி மாற்றி எடுங்கள், முக்காலியில் வைத்துவிட்டு மூன்று பேருமாகவும் உட்காருங்கள். ஒருத்தர் எப்போதும் பின்னாலேயே நின்றுவிட்டால் அவர் வீட்டிலேயே இல்லாத மாதிரி ஆகிவிடும், அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.

இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு, ஐஸ் மேல் நடக்காதே, இடது பக்கமாகப் படு என்று அம்மா எழுதச் சொன்னாள். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்று வைதேகியும் உனக்குச் சொல்லச் சொன்னாள். அம்மாவுக்கும் எனக்கும் நீ நல்லபடியாகப் பெற்றெழுந்து பிள்ளையோடு ஊருக்கு வர வேண்டும், அதைவிட வேறு ஆசை இல்லை, எல்லா நலமும் பெற்று மூன்று பேரும் நீடூழி வாழ வேண்டும்.

பார்சல் வந்ததும் தகவல் சொல்ல நீ ஃபோன் செய்வாய் அல்லவா, மணி அடித்ததும் கொஞ்சம் பொறுமையாகக் காத்திரு, வைத்துவிடாதே. ஒரு கையால் துளையை மூடிக்கொண்டு மறு கையால் ரிசீவரை எடுப்பது கைக்கு வரவில்லை, இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். எடுக்கப்போவது நான்தான்.

என்றும் உன் அன்பு அப்பா,
துரைராஜ்