முழுக் கோர்ட்டையும் மறித்தவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள்தானே. சித்தி கையில் போட்டிருந்த கட்டைப் பிரித்துவிட்டார்கள், ஆனாலும் பாத்திரம் கழுவச் சொன்னால் மட்டும் அவளுக்குக் கை வலிக்கிறது. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். முக்கியமான விஷயத்தை ஆரம்பித்தால்தான் நீ நடுவில் புகுந்து, விடும்மா, சின்னப் பிள்ளைங்க ஆட்டம்தானே என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அப்போதுதான் பந்து பிடிக்கவே கற்றுக்கொண்டிருந்த எங்கள் பள்ளிப் பொடிசுகளைக் கூட்டிக்கொண்டு கூடைப்பந்துப் போட்டிக்குப் போனேன், எதிரணிக்குக் கோச் உன் அப்பா. பிரிந்து இத்தனை காலம் கழித்தும் ஒரே ஊரில் ஒரே விளையாட்டில் முட்டிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் தலையில் எழுதியிருக்கிறது. முதல் பாதியிலேயே எங்கள் கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகாவது மனிதர் விட்டிருக்கலாம். விடவில்லை. கடைசி விசில் வரை முழுக் கோர்ட்டையும் மறிக்கச் சொன்னார். எங்கள் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டு, பந்து யார் கைக்கு வந்தாலும் அவள் மேல் இரண்டு பேர் பாய்வார்கள். எங்கள் கண்ணாடிக்காரி பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அழுதாள், அழுகிறவள் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்க் கூடையில் போட்டார்கள். முடிந்ததும் உன் அப்பா எனக்குக் கை கொடுத்து, பாவம், பதறிடுதுங்க, உன்னை மாதிரியே என்றார். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அந்த ஆட்டம் புதிதா என்ன. சாவி எங்கே என்று கேட்பார், நான் வாயெடுப்பதற்குள் சீக்கிரம் சொல்லு, சீக்கிரம் சொல்லு என்று மேலே வந்து நிற்பார், நான் உளறுவேன், பார்த்தியா, உனக்கு ஒண்ணுமே தெரியாது என்பார். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். இப்படித்தான் ஓட்டினேன் அத்தனை வருடத்தையும். இந்த மனிதரை ஒரு தடவையாவது ஊர் பார்க்க மண்ணைக் கவ்வ வைக்காமல் விடக்கூடாது என்று அன்றைக்குக் கறுவிக்கொண்டேன். நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

பிள்ளைகள் எங்கே தப்புப் பண்ணுகிறார்கள் என்று பார்த்தேன். பந்து வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு தட்டிக்கொண்டே ஓரக் கோட்டுக்கு ஓடுகிறார்கள். அங்கே போனால் மறிக்கிறவர்கள் இரண்டு பேர், கோடு மூன்றாவது ஆள். பிறகு பயத்தில் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு உயரத் தூக்கி வீசுகிறார்கள், அது எதிரிக்குத்தான் போகிறது. அதனால் முதலில் தட்டவே கூடாது என்றேன். பிடி, தாடைக்குக் கீழே வை, முழங்கையை அகட்டு, திரும்பிப் பார். உன் மேல் இரண்டு பேர் வந்தால் நம்மில் ஒருத்தி சும்மா நிற்கிறாள் என்று அர்த்தம், அவளைத் தேடு. ஒருத்தி எப்போதும் பந்துக்குப் பின்னால், ஒருத்தி நடுவில், ஒருத்தி தூரத்தில். நடுக்கோட்டைத் தாண்ட எட்டு வினாடி இருக்கிறது, அது நிறைய நேரம். பெரிய வகுப்புப் பெண்களை இவர்கள் மேல் ஏவிவிட்டு, காதருகில் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தச் சொன்னேன். முதலில் பொடிசுகள் திருதிருவென்று விழித்தார்கள். போகப் போக அந்தக் கத்தலைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

போன வாரம் லீக் சுற்றில் மறுபடி மோதினோம். எடுத்த எடுப்பிலேயே அவர் பிள்ளைகள் வந்து மறித்தார்கள். கண்ணாடிக்காரி பந்தைப் பிடித்தாள், நின்றாள், பார்த்தாள், நடுவில் நின்ற எங்கள் வாயாடிக்குக் கொடுத்தாள், வாயாடி தூரத்தில் நின்ற நெட்டைக்குக் கொடுத்தாள். அந்தப் பக்கம் கூடையைக் காக்க ஈ காக்கை இல்லை. நெட்டை எறிந்ததில் பாதியைத் தவறவிட்டாள், மீதியே எங்களுக்குப் போதும். உன் அப்பா எழுந்து நின்று தன் பிள்ளைகளைப் பார்த்தே சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தினார், அதுகள் தலைகால் புரியாமல் ஓடின. கொஞ்ச நேரத்தில் மனிதர் முகம் செத்துப்போய் மறிப்பதை நிறுத்தச் சொன்னார். எனக்கு அதைப் பார்த்ததில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். அவர் கடைசியில் பெஞ்சில் இருந்த சின்னதுகளை இறக்கினார், பந்தையே சரியாகப் பிடிக்கத் தெரியாததுகள். நான் எழுந்து, முழுக் கோர்ட்டையும் மறிங்க என்று கத்தினேன். எங்கள் ஐந்து பேரும் அப்படியே நின்று என்னைப் பார்த்தார்கள். வாயாடி நடுக் கோர்ட்டிலிருந்து, மிஸ், அது எப்படி, எங்களுக்கு நீங்க சொல்லித் தரலையே என்று கேட்டாள். வருடம் முழுக்கத் தப்பிக்க மட்டும்தான் பழக்கியிருக்கிறேன். அரங்கமே சிரித்தது, உன் அப்பாவும் சிரித்தார். ஜெயித்தது நான், சிரித்தது அவர். கை கொடுக்கும்போது, இப்பவும் பதறிட்டியே என்றார்.

அடுத்த மாதம் இறுதி ஆட்டம், மறுபடி அவரோடுதான். பிள்ளைகளுக்கு இப்போது மறிக்கப் பழக்குகிறேன். போன வருடம் அழுதவள்தான் இதில் கெட்டிக்காரி. எதிரில் நிற்கிறவள் கண் கலங்கினாலும் ஒதுங்க மாட்டேன் என்கிறாள், நேற்றுப் பயிற்சியில் எங்கள் அணிச் சின்னவள் ஒருத்தியையே அழ வைத்துவிட்டாள். ஒதுங்கு என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

உன் அலுவலகத்தில் மேலே இருக்கிறவர் நெருக்கினால் உடனே பதில் சொல்லாதே, நின்று பார்த்துச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா போன் பண்ணுவார், அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். முட்டி வலிக்குது, பயிற்சியை விட்டுட்டாங்க என்று சொல்.

இப்படிக்கு,
பதறாத உன் அம்மா