மஞ்சள் வாருக்கு மாறிவிட்டேன், ஸ்டெல்லா

மஞ்சள் கட்சிக்காரி, என் ஸ்டெல்லாவுக்கு,

கனகா எழுதுகிறேன். முதலில் உட்கார்ந்துகொள். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ அங்கே இருக்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துச் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். சிரித்துத் தொலை. நான் மஞ்சள் வார் போட்ட கேமரா வாங்கிவிட்டேன்.

ஆமாம், நானேதான். பதினேழு வருஷம் கழுத்தில் சிவப்பு வாரை மாட்டிக்கொண்டு, உன்னுடையதைப் பார்த்து "இன்னாடி இது, ஆட்டோவுக்கு அடிச்ச பெயின்ட்டுல மிச்சமா?" என்று கேட்ட அதே கனகாதான்.

நாம் முதன்முதலாக டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கேமரா வாங்குவதாகத்தான் பேச்சு. ராயபுரத்தில் உங்கள் அப்பாவின் மளிகைக் கடைக்கு மேலே இருந்த அறையில் 'கல்யாணம், காதுகுத்து, சீமந்தம்' என்று போர்டுகூட மாட்டியாகிவிட்டது. கடைக்காரர் இரண்டு கம்பெனி கேமராவையும் மேஜைமேல் வைத்தார். சிவப்பு வார் போட்டதில் நான் உன்னைப் படம் பிடித்தேன். மஞ்சள் வார் போட்டதில் நீ என்னைப் பிடித்தாய். சிவப்பில் உன் முகம் கொஞ்சம் பொன்பூசினாற்போல் வந்தது. மஞ்சளில் நான் நானாகவே இருந்தேன், வெயிலில் மீன் காயப்போட்டு வளர்ந்த கறுப்போடு.

"என்னுது எவ்ளோ சோக்கா கீது பாரு" என்றேன்.

"ஏட்டி, அது அழகாக் காட்டுது. இது உள்ளபடி காட்டுது. ஒன் கறுப்புக்கு என்ன கொறச்சல், அதுமேல பூச்சு பூச?" என்று நீ சீறினாய்.

கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகும் நாம் அங்கேயே நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஆளுக்கு ஒன்று என்று முடிந்தது.

அதன் பலனை அனுபவித்தோமே! உன் லென்ஸ் என் கேமராவில் சேராது, என் லென்ஸ் உன்னுடையதில் சேராது. உன்னுடையது ஒரு பக்கம் திருப்பினால் பூட்டும், என்னுடையது அதற்கு எதிர்ப்பக்கம். ஜூம் வளையமும் அப்படியே. முகத்தைக் கிட்டே இழுக்க நீ எந்தப் பக்கம் திருப்புவாயோ, அந்தப் பக்கம் நான் திருப்பினால் முகம் தூரப் போய்விடும். ஒரே ஒரு நாள்கூட நாம் ஒருவருக்கொருவர் லென்ஸ் கைமாற்றிக்கொண்டதில்லை.

மணமேடையில் இடப்பக்கம் நீ, வலப்பக்கம் நான். கெட்டிமேளம் கொட்டியதும் சொந்தக்காரர்கள் அட்சதையோடு முன்னால் பாய்ந்து எல்லாவற்றையும் மறைப்பார்கள். "எடம் விடுங்க, எடம் விடுங்க" என்று நீ கத்துவாய். எங்கள் திருவொற்றியூர் குப்பத்துக் கல்யாணங்களில் என் நாத்தனார் புஷ்பாதான் உனக்குக் காவல். அவள் இரண்டு கையையும் விரித்து நின்றால் ஓர் ஆள் தாண்ட முடியாது.

சரி, சேதிக்கு வருகிறேன். உன் மகள் ஜெனி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். பயிற்சிக்குப் போனதைத்தான் நீ பார்த்தாய். இப்போது தனியாகவே ஏறுகிறாள். அண்ணாந்து பார்த்தால் நமக்குக் கழுத்து வலிக்கும், அந்த உயரத்தில் உட்கார்ந்து கன்டெய்னரைத் தூக்கி லாரிமேல் சத்தமில்லாமல் வைக்கிறாள். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இன்னா பயம், அத்தை? அம்மா போட்டோ எடுக்கசொல்ல மூச்ச அடக்குவாங்களே, அதே மாதிரி அடக்கிகினு எறக்குனா ஒயுங்கா ஒக்காந்துக்கும்" என்றாள்.

கேட்டாயா? எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

அவளுக்கும் என் மகன் தினேஷுக்கும் போன மாதம் கல்யாணம் ஆயிற்று. இவர்கள் காதலை நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே கண்டுபிடித்துவிட்டாயாமே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்தாயே, கள்ளி. உன் பக்கத்தில் சர்ச் என்றார்கள், என் பக்கத்தில் கோயில் என்றார்கள். கடைசியில் பதிவுத் திருமணம், மறுநாள் மண்டபத்தில் தாலி என்று முடிவு செய்தோம். ஊரெல்லாம் கலப்புத் திருமணம் என்று பேசினார்கள். மஞ்சளும் சிவப்பும் கலந்ததுதான் இதில் பெரிய கலப்பு என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

நம் பிள்ளைகள் கல்யாணத்தில் வேறு எவன் கேமராவும் மேடை ஏறக் கூடாது என்று நாம் பேசிவைத்திருந்தோம் அல்லவா? அதற்கு வந்தது சோதனை. உன் கேமராவின் ஷட்டர் உனக்கு முன்னாலேயே போய்விட்டது. என்னுடையது, போன மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது, லென்ஸ்களோடு சேர்ந்து முழுகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். வழக்கம்போல் சிவப்புதான் என்று கிளம்பியபோது ஜெனி உன் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். திறந்தால் உன் லென்ஸ்கள், ஒவ்வொன்றும் நீ சுற்றிவைத்த அதே பழைய வேட்டித் துணியில்.

"எனக்கு அம்மா லென்ஸுல எடுத்த படம்தான் வோணும், அத்தை" என்றாள். கல்யாணத்துக்கு வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

கடையில் மறுபடியும் மேஜைமேல் இரண்டு கேமரா. "இப்பல்லாம் இத யாரும் வாங்கறதில்ல மேடம், உள்ள கண்ணாடியே இல்லாத கேமரா வந்துருச்சு" என்றான் விற்பனைப் பையன். எனக்கு 'டக்' என்று கண்ணாடி விழுகிற சத்தம் வேண்டும், சத்தம் இல்லாவிட்டால் படம் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம் வரும் என்றேன். சிவப்பை எடுத்தேன், கை தன் வீட்டுக்கு வந்ததுபோல் போய் உட்கார்ந்தது. மஞ்சளை எடுத்தேன், ஒவ்வொரு பொத்தானும் இடம் மாறி இருந்தது. தாலி கட்டுவது ஒரே ஒரு தடவை. கை தடுமாறினால் ஜெனிக்கு அந்தப் படமே இல்லை. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஆனால் சிவப்பில் உன் லென்ஸ் சேராதே, ஸ்டெல்லா. மஞ்சளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் பழகினேன் பார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. காசிமேட்டு மீன் ஏலத்தில் நின்று வஞ்சிரத்தையும் காக்காயையும் மாறிமாறிப் படம் பிடித்தேன். "இன்னா கனகா, காக்காவுக்கு ஜாதகம் பாக்குறியா?" என்று மீன்காரிகள் கிண்டலடித்தார்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கல்யாணத்தன்று புஷ்பா வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள். "மாப்ள அம்மா பட்டுப்பொடவையில கேமராவ தூக்கினு சுத்திகினு கீற, பாக்குறவன் இன்னா சொல்லுவான்? மேல வந்து ஒயுங்கா நில்லு."

"போடி, எனக்கு வேலை கீது" என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் போய் நின்றேன்.

கெட்டிமேளம் கொட்டியது. தினேஷ் தாலியைத் தூக்கினான். முடிச்சையும் ஜெனியின் கழுத்தையும் கிட்டே இழுக்க வளையத்தைத் திருப்பினேன். பதினேழு வருஷப் பழக்கம், பாழாய்ப்போன கை, பழைய பக்கமே திருப்பிவிட்டது! எல்லாம் தூரப் போய்விட்டது. டக், டக், டக். சரிசெய்வதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, புதுப் பட்டுப்புடவை என்றும் பார்க்காமல் முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதேன். ஒரு படம் எடுக்கத் துப்பில்லாமல் போய்விட்டதே என்று உன்னிடம்தான் மன்னிப்புக் கேட்டேன்.

சாப்பாடு முடிந்த பிறகுதான் கேமராவின் திரையைப் பார்க்கத் தைரியம் வந்தது. ஸ்டெல்லா, அந்தப் படத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்! மேடை முழுக்கத் தெரிகிறது. அட்சதை பறக்கிறது. இரண்டு குடும்பமும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டு நிற்கிறது. ஆனால் இடப்பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் காலியிடம். அதன் விளிம்பில் புஷ்பா இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறாள். ஜெனி தாலியையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. அந்தக் காலியிடத்தைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறாள்.

நான் நினைத்தபடி கிட்டே இழுத்திருந்தால் வெறும் முடிச்சுதான் கிடைத்திருக்கும்.

புஷ்பாவைக் கேட்டேன், ஏன் அங்கே யாரையும் விடவில்லை என்று. "இன்னா கேள்வி கேக்குற? அது ஸ்டெல்லா நிக்கிற எடமாச்சே" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. "பயக்கத்துல கைய விரிச்சிட்டேன், கனகா" என்று என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மளிகைக்கடைக்காரர் மகள் நீ எங்கள் குப்பத்தில் சம்பாதித்துவைத்த இடம் அது. எனக்கு அப்போது அழுகை வரவில்லை. ஸ்டெல்லா என் தோழி என்று மைக்கில் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஆல்பம் போடுகிற ஆள் அந்தக் காலியிடத்தை வெட்டிவிட்டு, பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கலாமா என்று கேட்டான். வெட்டவும் கூடாது, வெளுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். முதல் பக்கத்தில் அதுதான் வரும், உள்ளபடி.

இனி என் கேமராவில் எந்தப் பெண்ணின் நிறத்தின்மேலும் பூச்சு ஏறாது. எந்த மேடையானாலும் நான் வலப்பக்கம்தான் நிற்பேன். இடப்பக்கம் உன்னுடையது. அங்கே எவனாவது காலை வைத்தால் புஷ்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்சி மாறி வந்த
உன் சம்பந்தி,
கனகா