நீ சுற்றவிட்ட விசிறி

உன் கணினியைக் கடை மேசையில் படுக்க வைத்து, பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும் உன் வீட்டு முன்னறை வாசம் மூக்கில் ஏறியது. சாம்பிராணியும் கடலுப்பும் சூடுபட்ட தூசியும் சேர்ந்த வாசம். துறைமுகத்துக்குப் பக்கத்து வீடுகளில் எந்த இரும்பும் துருவேறாமல் இருப்பதில்லை. ஒவ்வோர் ஆணியாகக் கெஞ்சித்தான் கழற்றினேன். அந்த வாசத்தை முகர்ந்தபோது நீ பின்னால் கதிரையில் சாய்ந்திருந்து, "மெதுவா மச்சான், மெதுவா" என்பாய் போலிருந்தது. நான் திரும்பியும் பார்த்தேன்.

முந்தினநாள் உன் மனைவி தொலைபேசியில் அழைத்திருந்தார். மகள் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பம் எடுத்திருக்கிறாளாம். அந்தக் கணினி இனி அவளுக்கு வேண்டுமாம். "உங்கட கிராபிக்ஸ் காட் ஒண்டு அதுக்குள்ள இருக்குத்தானே அண்ணை, அதைக் கழட்டி எடுத்துப்போட்டுத் தாங்கோ" என்றார். நான் பெருந்தன்மையோடு, அது அங்கேயே இருக்கட்டும் தங்கச்சி என்றேன். அவர், இல்லை, நீங்களே ஒருதரம் திறந்து பாருங்கோ என்று மட்டும் சொன்னார்.

கடைக்கு எடுத்துவந்து திறந்து பார்த்தேன். அதிலிருந்து யாருடைய முகத்தையும் நேரே பார்க்க எனக்கு ஏலாமல் இருக்கிறது.

நான் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். வேலை என்று அனுப்பிய முகவன் சொன்ன கொம்பனியே அங்கே இருக்கவில்லை. கிடைத்த கூலிவேலையும் நிலைக்கவில்லை. போன ஆட்கள் வீடு கட்டிக்கொண்டிருக்க, நான் ஒரு பயணப்பையோடு பஸ் நிலையத்தில் வந்து இறங்கினேன். அந்தப் பைக்குள் ஒரேயொரு பெறுமதியான பொருள் இருந்தது. உனக்கென்று வாங்கிய கிராபிக்ஸ் காட்.

அப்போது நீ கேம் பைத்தியம். துறைமுகத்தில் இழுவைப்படகுகளுக்கு மின்வேலை செய்துவிட்டு வந்து, எண்ணெய்க் கையைக் கழுவினபடியே கணினியைப் போடுவாய். திரையில் படம் வரைவது கிராபிக்ஸ் காட். ஒன்றுக்குப் பதிலாக ஒரே வகையான இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் பூட்டி, ஒரு சிறு பட்டியால் இணைத்தால் அவை வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று எனக்கு முதலில் சொன்னவன் நீ. இரண்டு காட் சேர்த்து ஓட்டுவது உன் கனவு. நான் போகும்போது உன் காட்டின் பெயரையும் இலக்கத்தையும் எழுதித் தந்தாய், விளையாட்டுக்கு, பகிடியாகத்தான். நானோ அங்கே கடை கடையாக அலைந்து அதே பெயர், அதே இலக்கம் பார்த்து வாங்கினேன். தோற்றுப்போய் வருகிறவன் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

உன் வீட்டு வாசலில் வைத்துத்தான் பெட்டியைப் பிரித்தோம். வெறும் மட்டையை மதிலோரம் வைத்துவிட்டு உள்ளே போனோம். வெளியே வந்து பார்த்தால் எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகள்போலத் திரிகிற மான்களில் ஒன்று அதை நின்று தின்றுகொண்டிருந்தது. நீ அதைத் துரத்தவில்லை. வயிறு பிடித்துச் சிரித்தாய். ஊர் திரும்பியபின் நான் முதன்முதலாகச் சிரித்ததும் அன்றுதான்.

முதல்நாள் பூட்டியபோது திரை கறுப்பாகவே இருந்தது. நீ நெடுநேரம் உள்ளே குனிந்து பார்த்தாய். பிறகு நிமிர்ந்து, பவர் சப்ளை காணாது போல, ரெண்டு காட்டுக்கும் கூடினதொன்று வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வா என்றாய். உன் முகத்தில் அப்போது ஏதும் மாறியதா என்று இந்த இரண்டு நாளும் யோசித்துப் பார்க்கிறேன். நான் உன் முகத்தைப் பார்த்திருக்கவே இல்லை. என் காட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது உன் முன்னறை நிறைய ஆட்கள். கிண்ணியாவிலிருந்து வருகிற உன் கூட்டாளி பாரிஸ், பக்கத்து ஒழுங்கைப் பெடியன்கள், எல்லாரும். முதலில் ஒரு காட்டோடு கார் ஓட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினாய். படம் விக்கி விக்கி வந்தது. பிறகு கணினியை நிறுத்தி, உள்ளே கையை விட்டு ஏதோ செய்து, மறுபடி போட்டாய். தகட்டின் துளைகளூடாக இரண்டு விசிறிகளும் சுற்றுவது தெரிந்தது. கார் வழுக்கிக்கொண்டு போனது. நீ என் தோளில் கை போட்டு எல்லாருக்கும் சொன்னாய்:

"இவன்ர காட் இல்லாட்டி இது வெறும் பெட்டி."

அந்த ஒரு வசனத்தில் நான் ஊருக்குள் ஓர் ஆளானேன். வெறுங்கையோடு வந்தவன் என்று கதைத்த வாய்கள், இவனுக்குக் கொம்பியூட்டர் தெரியுமாம் என்று கதைக்கத் தொடங்கின. உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆட்கள் தேடி வந்து கேட்கக் கேட்க, பதில் சொல்வதற்காகவே படித்தேன். பழுதானவற்றை வாங்கிப் பிரித்துப் பழகினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் கடை போட்டேன். கடைக்கு வந்த முதல் ஆட்களில் பாதிப்பேர் நீ அனுப்பியவர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் உன் கணினியைப் பற்றிக் கதை வந்தால், அதில் பாதி என்னுடையது என்பேன். நீ பக்கத்தில் இருக்கும்போதே சொல்வேன். நீ, "ஓம், ஓம்" என்று தலையாட்டியபடி வடையைப் பிய்ப்பாய். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே படம் நின்று நின்று வந்தபோது, என் காட் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, உன்னுடையதுதான் கிழடாகிவிட்டது, அதை மாற்று என்று எல்லார் முன்னாலும் உனக்கு ஆலோசனை சொன்னேன். நீ அதையும் கேட்டுக்கொண்டாய்.

பிறகு அந்தச் சண்டை. கடை வாசலில் இரண்டு காட் போட்ட கணினி ஒன்றைக் காட்சிக்கு வைத்தால் ஆட்கள் வருவார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். உன்னிடம் வந்து என் காட்டைத் திருப்பிக் கேட்டேன்.

"ஏலாது மச்சான். அது இஞ்சயே இருக்கட்டும்" என்றாய்.

"என்ர சாமானை நான் கேக்கிறன்."

"வேறை என்னவும் கேள், தாறன். அதை மட்டும் கேளாதை."

நான் எழும்பி வந்துவிட்டேன். வந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. துறைமுகத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறவனுக்கு அடுத்தவன் பொருளில் ஆசை என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னேன். கள்ளன் என்ற சொல்லையும் பாவித்தேன். அது உன் காதுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வர வேண்டும் என்றுதான் சொன்னேன்.

சில மாதங்கள் நாங்கள் கதைக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் நீயாகவே கடைக்கு வந்தாய். பொரித்த மீன் பார்சல் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, "இன்னும் கோவமோ?" என்றாய். நான் கையிலிருந்த வேலையை விடாமலே, சரி, அந்தக் காட்டை நீயே வைத்துக்கொள், நான் மறந்துவிட்டேன் என்றேன். நான் உன்னை மன்னித்தேன். அப்படித்தான் அன்று எனக்குத் தோன்றியது. நீ, "பெரிய உதவி மச்சான்" என்றாய். அதில் கேலி துளியும் இருக்கவில்லை. இந்த நாட்களில் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்தக் கள்ளன் என்ற சொல்கூட இல்லை. நீ சொன்ன இந்த நன்றிதான்.

போன வருடம் வேலைக்குப் போகிற வழியில் உனக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. செத்தவீட்டில் முன்னுக்கு நின்று எல்லா வேலையும் செய்தேன். நல்ல சிநேகிதன் என்று ஆட்கள் சொன்னார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான் கண்டதைச் சொல்கிறேன். நான் கொண்டுவந்த காட் தன் இடத்தில் பூட்டித்தான் இருந்தது. ஆனால் கணினியோடு தொடும் அதன் பற்களின்மேல் மெல்லிய டேப் ஒட்டியிருந்தது. அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர் கொழுவியிருக்கவில்லை. அதன் விசிறியின் வயரை மட்டும் வெட்டி, பவர் சப்ளையிலிருந்து நேரே ஒரு வயர் இழுத்து முறுக்கி, கறுத்த டேப் சுற்றியிருந்தாய். அந்தச் சுற்றை எனக்குத் தெரியும். படகு வயர்களுக்கு நீ சுற்றுகிற அதே இறுக்கம். இரண்டு காட்டையும் இணைக்கும் பட்டி மேலே சும்மா பார்வைக்கு நின்றது.

காட்டைக் கழற்றி, பெயரும் இலக்கமும் போட்ட ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினேன். அடியில் வேறு பெயர், வேறு இலக்கம். எங்கேயோ குப்பையில் கிடந்த மிகப் பழைய காட் ஒன்றுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அது உன் காட்டோடு ஒருநாளும் சேர்ந்து ஓடியிருக்காது. தனியாகவும் ஓடவில்லை; போட்டுப் பார்த்தேன். நீ முதல்நாளே கண்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் முதலில் விக்கியதும், நீ வேண்டுமென்று பின்னால் வேறு வேலைகளையும் ஓடவிட்டுக் கணினிக்குப் பாரத்தை ஏற்றி வைத்ததால்தான் இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டிய கள்ளக் காட்டுகளைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்களை எச்சரித்து அனுப்புகிறவன் நான். என்னுடையதைச் சந்தேகிக்க ஒருநாளும் தோன்றவில்லை. அது சுற்றுவதை என் கண்ணால் கண்டேனே.

நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி என் முகத்தைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டார். உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் அண்ணை. நீங்கள் கள்ளன் எண்டு கதைக்கிறீங்கள் எண்டு கேள்விப்பட்டு நான்தான் இவரோட சண்டை பிடிச்சனான். உள்ளதைச் சொல்லுங்கோவன் எண்டு. அதுக்கு இவர், 'அவன் ஒருக்கா ஏமாந்து வந்து நிக்கிறான். ரெண்டாந்தரமும் ஏமாந்திட்டாய் எண்டு அவனுக்கு என்ர வாயால சொல்ல ஏலாது' எண்டவர்."

அப்படியென்றால் இப்போது ஏன் திறக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சீலைத்தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னார்: மகள் எப்படியும் அதைத் திறந்து பார்ப்பாள். கண்டுவிட்டு வெளியில் சிரித்துக் கதைக்கமுதல் நானே காண்பது நல்லதென்று நினைத்தாராம். அவ்வளவுதான். ஒரு குத்தல் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. உன்னோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவர்.

மறுநாள் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கள்ளன் என்று சொன்ன இடத்திலேயே உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று. பாரிஸும் அன்றைய பெடியன்கள் சிலரும் இருந்தார்கள். இப்போது தலை நரைக்கத் தொடங்கிய ஆட்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாரிஸ்தான் மெதுவாகச் சொன்னான். "எங்களுக்குத் தெரியும் மச்சான். அந்த விசிறிக்கு வயர் இழுக்கேக்க டோர்ச் பிடிச்சது நான்தான். உனக்குச் சொல்லக்கூடாது எண்டு அவன் எல்லாரிட்டயும் சத்தியம் வாங்கினவன்."

ஆக, நான் பாதி என்னுடையது என்று பீற்றியபோதெல்லாம் அந்த மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கள்ளன் என்று சொன்னபோதும் தெரியும். நீ கேட்டுக்கொண்டதற்காக அவர்கள் அதை விழுங்கிக்கொண்டு என்னோடு சேர்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள். எனக்கு போகவும் தெரியவில்லை, இருக்கவும் தெரியவில்லை. பாரிஸ் வாங்கிலில் தள்ளி இருந்து இடம் விட்டான். இருந்தேன். வேறு கதை தொடங்கியது.

உன் கணினியைத் துடைத்து, வேண்டியவற்றை மாற்றி, நேற்று மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் காட் தனியாக நன்றாகவே ஓடுகிறது. அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த இடத்தில முந்தி ஏதும் இருந்ததோ?" என்றாள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது.

"ஓம் பிள்ளை. நான் வெளிநாட்டில ஏமாந்து வாங்கின ஒண்டு இருந்தது. உங்கட அப்பா அதை எனக்குக்கூடச் சொல்லேல்லை" என்றேன்.

ஏமாந்தேன் என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தரம். என் மனைவிக்குக்கூட அந்த முகவனைப் பற்றி முழுதாகச் சொன்னதில்லை. உன் மகள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "அப்பா அப்படித்தான்" என்றுவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிவிட்டாள். குசினிக்குள் கரண்டிச் சத்தம் ஒருகணம் நின்று மறுபடி தொடங்கியது. உன் மனைவி கேட்டிருக்கிறார்.

எனக்கு முகம் சுட்டது. வீதியில் இறங்கி நடந்தபோதும், துறைமுகக் காற்று அடித்தபோதும் சுட்டது. இதை எழுதும்போதும் சுடுகிறது. நீ இருந்திருந்தால் இந்தச் சூட்டையும் என் முகத்திலிருந்து எப்படியாவது எடுத்துவிடப் பார்த்திருப்பாய். விடு மச்சான். இதை நானே வைத்துக்கொள்கிறேன்.