கூடுதலாக ஒரு வரி

தாமுவே, யாங்கோன்
12 பிப்ரவரி 2023

அன்பு மகள் பெர்சிஸுக்கு,

ஆண்டவர் உன்னைத் தம் நிழலில் வைத்திருப்பாராக. இரண்டு ஆண்டுகள் எழுதாதிருந்த கை இன்று எழுதுகிறது. இங்கே லத்தா பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் உஸ்மா சரக்கெடுக்கத் தாய்லாந்து வருகிறாள். “போன்ல ஒண்ணும் பேசாதீங்க உபதேசியாரே. கடுதாசி குடுங்க, துணிக்கு நடுவுல வெச்சுக் கொண்டு போறேன்” என்றாள்.

நீ என் மகள் அல்ல என்று நான் பத்திரிகையில் அறிவித்தது வெறுப்பினால் அன்று. ராணுவ ஆட்சியை எதிர்த்தவர்கள் உங்கள் ‘வட்ட ரயில்’ இசைக்குழுவின் பாட்டைத் தெருவெல்லாம் பாடினார்கள். நீ எல்லை கடந்தாய். படையினர் வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டார்கள். உன் தாய் தங்கம்மாளைப் பிடித்துப் போவார்களோ என்று அஞ்சியே கையெழுத்திட்டேன். சேவல் கூவும் முன் மறுதலித்த சீடர் நாவினால் மறுதலித்தார். நான் அச்சிலேற்றி மறுதலித்தேன்.

உன் தாயின் வலக்கண்ணில் புரை விழுந்திருக்கிறது. மற்றபடி சுகம். உன் மாண்டலின் அலமாரியின் மேல் இருக்கிறது. உறைக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது.

உன் தகப்பன்,
ஏசுரத்தினம்


சியாங் மாய்
3 ஏப்ரல் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். உங்கள் தமிழுக்கு ஒரு தடவைக்கு ஒரு காபி ஆகிறது. என் தமிழ் துருப்பிடித்துவிட்டது, திட்டாதீர்கள்.

வட்ட ரயில் ஓடுகிறது. தாகேதாவில் கமால் வீட்டு டயர் கடையில் நாலு பேராக ஆரம்பித்தோமே, இப்போது மூன்று பேர். டிரம்மர் கொரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். முதல் ஆல்பத்துக்கு யாங்கோனில் ஆயிரம் பேர் வந்தார்கள். இங்கே உணவகத்தில் நாற்பது பேர், அதிலும் பாதி பேர் சாப்பிட வந்தவர்கள். ஆனால் ராக் பாட்டின் நடுவே கமால் ஸ்டீல் கிட்டாரை இழுத்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அமெரிக்க மாட்டுக்காரர்கள் வாசித்த கருவி, தாமுவே ஸ்டேஷனை நினைத்து அழுகிறது.

அறிவிப்பில் எனக்குக் கோபமில்லை. கமாலின் அப்பாவும் போட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எல்லாம் ஒரே வாசகம். “உங்கப்பா போட்டதுல மட்டும் ஒரு வரி கூட இருக்கே பெர்சி. ‘கடவுளின் பாட்டை மதுக்கடையில் விற்றவள்.’ உபதேசியார்னா சும்மாவா!” என்று கமால் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அறுவடைப் பண்டிகைக்கு நீங்கள் கட்டிய மெட்டைக் கேட்காமல் முதல் ஆல்பத்தில் எடுத்துக்கொண்டேன். தப்புதான். ஆனால் அந்த வரியை நீங்கள் எழுதினீர்களா, பத்திரிகைக்காரர் சேர்த்தாரா? அது ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பெர்சி


தாமுவே
18 ஜூன் 2023

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட வரி பத்திரிகை அலுவலகத்தில் சேர்க்கப்பட்டது. காரணம் இல்லாமல் அறிவிப்பு வெளிவராது என்று எழுத்தர் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. என் பிழை அவ்வளவே.

மழை பிடித்துவிட்டது. ஆலயக் கூரை பாடகர் வரிசையின் மேலேயே ஒழுகுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தகப்பன்,
ஏசுரத்தினம்


சியாங் மாய்
5 நவம்பர் 2023

அப்பா,

வட்ட ரயில் நின்றுவிட்டது. சண்டை எதுவும் இல்லை. கமாலுக்கு ஆஸ்திரேலியா போக அனுமதி வந்துவிட்டது. ஸ்டீல் கிட்டார் இல்லாவிட்டால் நாங்கள் இன்னொரு ராக் குழு, அவ்வளவுதான். ஒன்பது வருடம், மூன்று ஆல்பம், ஒரு பழைய வேன்.

கடைசி ஆல்பத்தை உஸ்மா அக்காவின் போனில் ஏற்றியிருக்கிறேன். கடைசிப் பாட்டின் பெயர் ‘அறிவிப்பு’. பத்திரிகையில் வந்ததை அப்படியே பாடியிருக்கிறேன், என் அடையாள அட்டை எண் உட்பட. அந்த ஒரு வரியைத் தவிர. அது உங்களுடையது இல்லையே. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன், கமால் உங்கள் அறுவடை மெட்டை வாசிக்கிறான். கடைசி நிகழ்ச்சியில், “அந்த வரியை எங்கப்பா எழுதல” என்று மேடையிலேயே சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். உங்களுக்காக, அப்பா.

ஜனவரியில் அம்மா கண் வைத்தியத்துக்கு பாங்காக் வருகிறார்களாமே, உஸ்மா அக்கா சொன்னார். நீங்களும் வாருங்கள். விமான நிலையத்தில் நிற்பேன்.

உங்கள் பெர்சி


தாமுவே
10 டிசம்பர் 2023

பெர்சிஸ்,

உஸ்மாவின் கடையில் ஒரு துணிக்கட்டின் மேல் அமர்ந்து உன் பாட்டைக் கேட்டேன். நீ வாய்மூடிய இடத்தில் என் மெட்டு வந்தது. இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கிச் செல்ல ஆர்மோனியத்துக்குத் தெரியாது. கமாலின் கருவிக்குத் தெரிகிறது. அந்த மெட்டைக் கட்டிய நாளில் என் மனத்தில் இருந்தது அந்த வழுக்கலே. முப்பது ஆண்டுகள் ஆலயத்தில் வாசித்தும் எனக்கு அது கைகூடவில்லை.

அந்த வரி என்னுடையது.

எழுத்தர் சொன்னது வேறு. “ஊலே” என்று என்னை மாமன் முறை வைத்து அழைத்து, “இதுக்கு அச்சு வாசகம் இருக்கு. பேரும் தேதியும் போட்டாப் போதும்” என்றார். நான்தான் அவருடைய பேனாவை வாங்கி ஓரத்தில் எழுதினேன். முதலில் ‘பாடியவள்’ என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு ‘விற்றவள்’ என்று போட்டேன். மனைவிக்காக அஞ்சி வந்தவன் கூரிய சொல்லைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான். என் மெட்டு என்னிடம் இருந்ததைவிட உன்னிடம் நன்றாக இருந்தது. அதைப் பொறுக்காமல் எழுதினேன்; ஆண்டவர் பெயரால் எழுதினேன். நீ கேட்டபோது, ஒரு பாவமும் அறியாத எழுத்தரின் மேல் அதைப் போட்டேன்.

உன் தாயிடம் சொன்னேன். “புள்ள நம்பிருச்சு, நிம்மதியா இருக்கு. மொதல்ல போய் அது மூஞ்சியப் பார்த்துட்டு வாங்க, அப்புறமா நீதிமான் ஆகுங்க” என்றாள். உன்னிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று மூன்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் நாற்பது பேர் எனக்காகத் தட்டிய கையை வாங்கிக்கொண்டு உன் எதிரில் வந்து நிற்க என்னால் ஆகாது.

பழைய அகப்பாட்டுகளில், வீட்டை விட்டுப் போன மகளைத் தேடிச் செவிலித்தாய் பாலைச் சுரம் கடக்கிறாள். தந்தை கடந்ததாக ஒரு பாட்டும் நான் படித்ததில்லை. ஏன் என்று இத்தனை காலம் யோசித்ததுமில்லை.

ஓரத்தில் நான் எழுதிய தாளை எழுத்தர் அன்றே திருப்பித் தந்தார். பாமாலைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன். அடித்த சொல்லும் தெரியும்.

உன் தாய் ஜனவரி ஒன்பதாம் தேதி உஸ்மாவுடன் வருகிறாள். எனக்கும் பயணச்சீட்டு எடுத்திருக்கிறார்கள். நான் வரலாம் என்றால் உஸ்மாவிடம் சொல்லி அனுப்பு. சொல் வராவிட்டால், என் இடத்தில் உன் மாண்டலின் வரும். அதைத் துடைத்துப் புதுத் தந்தி கட்டியிருக்கிறேன். சுருதி சேர்க்கவில்லை; அதில் நான் கை வைக்கலாமா என்று தெரியவில்லை.

ஏசுரத்தினம்