வியாழக்கிழமை வரிசையில் உன் அம்மா

அன்பு மகள் எம்னாவுக்கு, நம் ஊர் பேஜாவிலிருந்து அப்பா எழுதுவது. இறைவன் கருணையால் நான், அம்மா, தங்கச்சி மலேக் மூவரும் சுகம், லியோன் நகரத்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. ஒலிவப் பழம் பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தேன் என்று போனில் சொன்னேனே, அது பொய். ஏணி பாவம், பரணை விட்டு இறங்கவே இல்லை. மதுக்கடை ஊருக்கு வெளியே இருந்தவரை உன் அப்பா உத்தமன்; போய்விட்டு மேடேறி வர இரண்டு மணி நேரம், என் சோம்பலே என்னைக் காப்பாற்றியது. ஆறு மாதம் முன்பு நம் வீட்டுக்கு நாற்பதடி தள்ளி, மலேக்கின் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஒரு கடை திறந்தார்கள், என் ஒழுக்கம் அன்றே மூட்டை கட்டியது. சர்க்கரை ஏறிவிட்டது என்கிறார் டாக்டர். வெள்ளிக்கிழமை தொழுகை நாள், மது விற்பனை கிடையாதே, அதனால் தெரு ஆண்கள் எல்லோரும் வியாழனன்றே இரண்டு நாளுக்கும் சேர்த்து வாங்குவோம்; வெள்ளிக்கு வாங்கியது வெள்ளிவரை இருந்ததாகச் சரித்திரமில்லை. அப்படியொரு வியாழனில்தான் நம் வாசலில் ஒரு படி குறைவாக எனக்குத் தெரிந்தது, முழங்கால் போனது.

அதையாவது சிரித்து மறந்துவிடலாம். போன வாரம் பக்கத்து வீட்டு ஜிலானி இரண்டு நாள் சரக்கையும் ஒரேயடியாக வயிற்றில் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளைப் பள்ளிக்கூடக் கதவில் மோதினான். மலேக் அப்போதுதான் வெளியே வந்தாள். ஒரு சாண் இடைவெளி, எம்னா. புத்தகப்பை கிழிந்தது, பிள்ளை தப்பினாள். மணிக்கட்டை உடைத்துக்கொண்ட ஜிலானி, "அண்ணே, கதவுதான் குறுக்க வந்துச்சு" என்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடை உரிமத்தைப் புதுப்பிக்கும் மாதம் இது. புதுப்பிக்கக் கூடாதென்று அம்மா மனு எழுதி வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், ஆண்கள் வீட்டில் அகப்பட்டால்தானே? நேற்று வியாழன், நேரே கடை வரிசைக்கே வந்துவிட்டாள். "மொத்தத் தெருவும் இங்கதான நிக்குது, நான் எதுக்குப் படியேறணும்?" என்றாள். நான் புட்டிகள் போட்ட கறுப்புப் பையோடு அப்போதுதான் கடையிலிருந்து வெளியே வந்தேன். "எம்னாவோட அப்பா, ஆம்பளைங்கள்ல மொதக் கையெழுத்து நீங்க போடுங்க. அந்தப் பையக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன்." வரிசையில் ஒருவன், "போடுங்க மாமா, முட்டிக்கு நல்லது" என்றான். மனுவை அவள் மலேக்கின் கிழிந்த பைமேல் வைத்து நீட்டினாள். அதைப் பார்த்த பிறகு என்ன பேச்சு, போட்டேன். என் பின்னால் இருபத்தொன்பது பேர் போட்டார்கள். போட்டுவிட்டு வரிசையில் அவரவர் இடத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்பது வேறு கதை.

திங்களன்று மனு ஆளுநர் அலுவலகம் போகிறது, நீயும் வேண்டிக்கொள். கழுத்தை மூடாமல் வெளியே போகாதே. இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல அண்டை வீட்டாரும் தரட்டும். ஞாயிறு போன் செய்யும்போது அந்தக் கறுப்புப் பையைப் பற்றி அம்மாவிடம் நைசாகக் கேட்டுப் பார். இன்று வெள்ளிக்கிழமை, அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.

மனுவில் போட்ட அதே கையெழுத்துடன்,
உன் அப்பா ஷாத்லி