சக்கரமா, அச்சா?

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் காரியத்தன்று நான் அழுத அழுகையைப் பற்றி நாகரசம்பட்டியில் இன்னும் பேசிக்கொள்கிறார்களாம். உங்கள் வீட்டம்மாவே என் மகளிடம், "சரசு, ங்கொப்பா மாதிரி யாரு அழுதாங்க சொல்லு" என்றார்களாம். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அது சுண்ணாம்பு.

பந்தலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அழுகிறார்கள், பெண் கொடுத்தவன் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறானே என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள் என்று கண்ணைக் கொஞ்சம் கசக்கினேன். விரலில் சுண்ணாம்பு இருந்தது. பிறகு நானே நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை. ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தார். "எரியுதுங்க" என்றேன். "எரியாம இருக்குமாங்க, அப்பேர்ப்பட்ட மனுசன்" என்று அவரும் அழ ஆரம்பித்தார்.

கண் சரியாகிவிட்டது. உள்ளேதான் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள் என்று தந்தி வந்தபோது அதை இரண்டு தடவை படித்துவிட்டு, என் மண்டியில் உருளைக்கிழங்கு எடை போட்டு முடித்த பிறகுதான் பஸ் ஏறினேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல அவ்வப்போது உங்களை நினைத்துப் பார்க்கிறேன். வலிக்கவில்லை. ஆனால் விரலில் சுண்ணாம்பைத் தொட்டால் மட்டும் உங்கள் வீட்டு வாசலில் என் கார் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்தப் பகல் வந்துவிடுகிறது.

சரசுவுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அவளை ஓசூருக்கு அழைத்துப்போக வந்திருந்தேன். அவளுடைய அம்மா கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். தாய் இல்லாத வீட்டுக்கு எதற்குத் தலைப்பிரசவம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே, என் அக்காவை வரவழைத்து, அறைக்கு வெள்ளையடித்து, பெங்களூரில் ஒருவர் ஓட்டிச் சலித்த அந்தக் கறுப்புக் காரையும் வாங்கினேன். எட்டாவது வரை படித்தவன் கார் வாங்கினால் ஊருக்குத் தெரிய வேண்டாமா? வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். சூளகிரி தாண்டி ஒரு வளைவில் எருமை ஒன்று ஹாரனை மதிக்கவில்லை. நான்தான் ஒதுங்கினேன். பின்பக்கத்து இடது சக்கரம் பாலத்துக் கல்லில் போய் மோதியது. அதிலிருந்து காரின் பின்பக்கம் முறத்தில் புடைப்பது போல ஆடத் தொடங்கியது.

அப்படியே ஆடி ஆடி உங்கள் வாசலில் வந்து நின்றேன். உங்கள் வீட்டம்மா ஆரத்தித் தட்டோடு நின்றபடியே கேட்டார்கள்: "ஏங்க சம்பந்தி, இது காரா, தூளியா? புள்ளய இப்பவே தாலாட்டறாப்பல இருக்குதே."

"ரோடு சரியில்லிங்க சம்பந்தியம்மா" என்றேன்.

"ரோடு இங்க வாசலுக்குமா வந்துட்டது?" என்றார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, சரசுவை ஒரு முறை பார்த்துவிட்டு, "சாப்புடுங்க மொதல்ல" என்றீர்கள்.

இலையில் உட்கார்ந்தும் காரைப் பற்றியேதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அடி பட்டது சக்கரம் என்றால் பயமில்லை. மெதுவாக ஓட்டிப்போய் கிருஷ்ணகிரியில் வளையத்தைத் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் அச்சு வளைந்திருந்தால் அது எந்த மேட்டிலும் முறியலாம். சக்கரம் ஒரு பக்கம் போகும், நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒரு பக்கம் போவாள். மாற்றுச் சக்கரத்தை மாட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதைப் பஞ்சர் ஒட்டக் கொடுத்து ஓசூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஹாரனை மட்டும் மறக்கவில்லை.

கார் வாங்கியபோது அதை ஓட்டிவந்து கொடுத்த டிரைவர் இதற்கு எனக்கு ஒரு வழி காட்டியிருந்தார். அதைச் செய்து, சக்கரம்தான் என்று எல்லோர் முன்னாலும் நிரூபித்துவிட்டுக் கிளம்புவது என்று முடிவு செய்தேன். மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து, ஜாக்கி வைத்து அந்தச் சக்கரத்தைத் தூக்கினேன். ஒரு குச்சியின் நுனியில் சுண்ணாம்பைத் தடவி, சக்கரத்தின் இரும்பு வளையத்துக்கு ஒரு நூல் இடைவெளியில் அசையாமல் பிடிக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால், எந்த இடம் வெளியே பிதுங்கி வருகிறதோ அங்கே மட்டும் வெள்ளை ஒட்டும். பிறகு நட்டுகளைக் கழற்றி, சக்கரத்தை அரை வட்டம் திருப்பி மாட்டி, மறுபடியும் சுற்ற வேண்டும். வெள்ளை பழைய வெள்ளையின் மேலேயே விழுந்தால் கோணல் சக்கரத்தில். எதிர்ப்பக்கத்தில் புதிதாக விழுந்தால் கோணல் அச்சில்.

குச்சியையும் பிடித்துக்கொண்டு சக்கரத்தையும் சுற்ற என் ஒருவனால் ஆகவில்லை.

"இப்பிடி குடுங்க" என்று வாங்கிக்கொண்டீர்கள். வளைகாப்புக்குக் கட்டிய புது வேட்டியோடு மண்ணிலேயே உட்கார்ந்து, மணிக்கட்டைச் செங்கல்மேல் வைத்துக்கொண்டீர்கள். நான் சுற்றினேன். முதல் வெள்ளை விழுந்தது. கழற்றித் திருப்பி மாட்டினேன்.

அதற்குள் உங்கள் வீட்டம்மா, "எமகண்டம் வந்துரும், கெளம்பறதுன்னா கெளம்புங்க" என்றார்கள்.

"ஆவட்டும், இப்ப என்னா" என்றீர்கள். எதற்கும் நீங்கள் சொல்கிற வார்த்தைதான்.

சுற்றினேன். சக்கரம் மெதுவாகி நின்றது. பழைய வெள்ளை மேலே இருந்தது. புதிய வெள்ளை நேர் எதிரே, கீழே இருந்தது. ஏதோ நான் தவறாகச் சுற்றிவிட்டது போல இன்னொரு தரம் சுற்றினேன். அதே இடம்.

நீங்களும் பார்த்தீர்கள். என்னைத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. குச்சியை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்னாங்க ஆச்சு? போலாமா, கூடாதா?" என்று உங்கள் வீட்டம்மா கேட்டார்கள்.

"அவுரு வண்டி. அவுரு பொண்ணு. அவுரு சொல்லட்டும்" என்றீர்கள்.

பிள்ளை வீட்டார் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வண்டி சரியில்லை, எங்கள் பெண்ணை ஏற்றமாட்டோம் என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன், ஆனால் அந்தச் சொல் ஆயுசுக்கும் உறுத்தியிருக்கும். அதை நீங்கள் சொல்லவில்லை. வாசல் முழுக்க ஆள் நிற்க, எனக்காகக் காத்திருந்தீர்கள்.

"அச்சுதாங்க" என்றேன். "சரசு இங்கயே இருக்கட்டுங்க. பிரசவம் இங்கயே ஆவட்டும்."

சரசு உள்ளேயிருந்து வந்தாள். அழுவாளோ என்று பயந்தேன். "அப்பா, மூஞ்சியெல்லாம் கிரீசு. போய்க் கழுவிட்டு வா" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். என் வீட்டில் வெள்ளையடித்த அறையும் மூட்டுவலிக்கார அக்காவும். உங்கள் வீட்டில் அவளைச் சுற்றிப் பெண்கள். அவளுக்குத் தெரியாதா எது வேண்டும் என்று?

பேரன் உங்கள் வீட்டில்தான் பிறந்தான். அச்சு பெங்களூரிலிருந்து வந்து சேரும்வரை என் கார் உங்கள் மாந்தோப்பில் நின்றது. முன்சீட்டில் உங்கள் கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. "சம்பந்தி, உங்க கார்ல ஏறினவங்க யாருக்கும் இதுவரைக்கும் சேதாரம் இல்ல" என்று நீங்கள் எனக்குச் சொல்லி அனுப்பியதை மண்டியில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன்.

நீங்கள் செய்ததை நானும் செய்து பார்க்கிறேன். மண்டிக்கு யாராவது கொண்டுவந்த மூட்டையில் அழுகல் வாடை வந்தால், முன்பு நானே சத்தம் போட்டுச் சொல்லுவேன். இப்போது கொண்டுவந்தவர் கையிலேயே கத்தியைக் கொடுத்து, பிரித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொள்கிறேன். அவரே சொல்லட்டும். பேச்சு கொஞ்சம் தாமதமாகிறது, சண்டை குறைந்திருக்கிறது. இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். மாங்காய் சீசனுக்கு வரும்போது சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். பரவாயில்லை, இது சொல்லாமல் போனால் பெரிய நஷ்டம் இல்லை.

சொல்லாமல் விட்டது இன்னொன்று இருக்கிறது. அன்று சாயங்காலம் காவேரிப்பட்டணத்தில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தீர்கள். சரசுவுக்காகக் கொண்டுவந்த தலையணையையும் போர்வையையும் திரும்ப எடுத்துக்கொண்டு நின்றேன். பெண் கொடுத்தவன் சம்பந்தி வீட்டில் ராத் தங்குவது நம் பக்கம் வழக்கமில்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ் வந்தது. "அப்பப்ப வந்து பாத்துட்டுப் போங்க சம்பந்தி" என்றீர்கள். "ஆவட்டுங்க" என்றேன். படியில் ஒரு காலை வைத்துவிட்டு நான் திரும்பிப் பார்த்தபோது, "என்னாங்க, எதாச்சும் மறந்துட்டீங்களா?" என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

நானும் இங்கயே இருந்துக்கட்டுங்களா சம்பந்தி?