ஆடு மறுத்த கட்டு

இன்று காலை புல்கட்டைப் பிரித்தபோது நடுவில் ஓர் உண்ணிச்செடிக் கிளை இருந்தது. இலை கசங்கியதும் அந்தக் காரமான வாடை விரலில் ஒட்டிக்கொண்டது. கை கழுவிவிட்டு, உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீ கண்மூடி ஐந்து மாதம் ஆகிறது. உன் முயல்களுக்கு இப்போது நான்தான் புல் அறுக்கிறேன். கொடைக்கானல் பஸ் வருவதற்கு முன்னால் காப்பித் தோட்டத்து ஓடைக்கரைக்குப் போய் வந்துவிடுவேன்.

எந்தப் புல்கட்டையும் முதலில் உன் ஆட்டுக்கு நீட்டுவது உன் வழக்கம். அது மூக்கைத் திருப்பினால் அப்படியே தூக்கி எறிந்துவிடுவாய். நான் நூலகத்தில் படித்து, ஊமத்தை, அரளி, ஆமணக்கு, உண்ணி என்று முயலுக்கு ஆகாத செடிகளின் பட்டியல் எழுதிக் கூண்டின்மேல் ஒட்டினேன். "ஏன் புள்ள, முயலு இதப் படிச்சுப் பாத்துட்டா திங்கப் போகுது?" என்றாய். ஆனாலும் மழையில் நனையாமலிருக்க அதன்மேல் பாலித்தீன் தாளைச் சுற்றியவள் நீதான்.

பங்குனியில் உன்னை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஜீப்பில் ஏறிய பிறகும் உனக்குச் சினை முயலின் நினைப்புதான். "ஆடு மோந்து பாக்காம ஒண்ணும் போட்றாத" என்றாய்.

மலை முழுக்கப் புல் காய்ந்துகிடந்த நாட்கள் அவை. மூன்றாம் நாள் வேலியோரம் கைக்கு வந்ததை அறுத்தேன். உண்ணித் தளிரும் அதில் கலந்திருந்தது. பூ இல்லாததால் நான் கவனிக்கவில்லை. ஆடு மறுத்தது. பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் கட்டை எறியாமல் வெயிலில் போட்டுவிட்டு ஓடினேன். மாலையில் வேறு தீவனம் இல்லை. வாடிக்கிடந்த அதே கட்டை மறுபடி நீட்டினேன். பசித்த ஆடு இரண்டு வாய் தின்றது. இனி பயமில்லை என்று மீதியைச் சினை முயலின் கூண்டில் போட்டேன்.

வாடினால் வாடை குறையும், விஷம் குறையாது என்பதைப் பிறகுதான் படித்தேன். இரண்டு வாயோடு ஆடு விலகிப் போய்விட்டது. கூண்டுக்குள் இருக்கும் முயலுக்கு விலகிப்போக இடம் இல்லை.

மறுநாளிலிருந்து சினை முயல் இரை எடுக்கவில்லை. வெளிச்சம் பட்டால் மூலையில் ஒடுங்கியது. கண் மஞ்சளித்தது, காதோரம் புண்ணானது. எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் குறித்துவைத்தேன். நீ திரும்பி வந்த அன்று, வயிற்றுக் குட்டிகளோடு அது செத்தது.

என்ன போட்டேன் என்று கேட்டாய்.

"ஆடு தின்னதத்தான் போட்டேன்."

அது பொய் இல்லை. காலையில் ஆடு மறுத்ததை மட்டும் சொல்லவில்லை. நீ மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இனி ஆட்டுக்குக் காட்ட வேண்டாம், நாமே பிரித்துப் பார்ப்போம் என்றாய். ஆடியில் நீ போகும்வரை தினமும் மாலையில் இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு தண்டாகப் பிரித்தோம்.

இன்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவரின் கை நிற்கவில்லை.

"அவளுக்குத் தெரியும் தாயி. கூண்டுக்குள்ள வாடுன உண்ணித் தண்டு கெடந்துச்சு, எடுத்துக் காட்டுனா. நான் ஒன்னைய ஏசத்தான் கெளம்புனேன். 'அவளாச் சொல்லுவாம்மா, நீ கேக்காத'ன்னுட்டா."

ஆக, நான்கு மாதம் காத்திருந்திருக்கிறாய். அந்த நான்கு மாதத்தின் கனம் இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் உன் எதிரே உட்கார்ந்து, படித்ததையெல்லாம் உனக்குச் சொன்னேன். இது ஒன்றைத் தவிர.